பின்சீட்டுத் தேங்காயும் பெல்ட் போட்ட குடையும்

பட்டறைக் கவுண்டரில் உட்கார்ந்த இத்தனை வருடத்தில் என்னென்னவோ ஸ்பேர் பார்ட்ஸ் தேடியிருக்கிறேன். காருக்குள் தலையை விட்டுப் பல்செட் தேடியது ஒரே ஒரு தடவைதான். அதுவும் பிரிக்பீல்ட்ஸில், கோயில் வாசலில், ஊரே வேடிக்கை பார்க்க, நல்ல சேலை கட்டியிருந்த நாளில்.

கிள்ளானில் விபத்துக் கார்களைத் தட்டி நிமிர்த்திச் சாயம் அடிக்கும் பட்டறை எங்களுடையது. எங்களுடையது என்றால் முதலாளி தவுக்கேயுடையது. சத்தம் போடுவது மட்டும் நான். அங்கே வேலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரு நாள் என்னிடம் கேட்டுவிடுவார்கள்: "அக்கா, பழைய காடி ஸ்ட்ராங்கா, புது காடி ஸ்ட்ராங்கா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

1. மகாராணி

கோவிந்தராஜு அங்கிள் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிரிக்பீல்ட்ஸ்காரர். அறுபதுகளில் செய்த கார் ஒன்று வைத்திருந்தார். உருண்ட விளக்கு, பளபளக்கும் குரோமியம் பம்பர், கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டில் நாய் குரைக்கும். அதற்கு மகாராணி என்று பெயர். பேரைச் சொல்லும்போது குரலே மாறிவிடும், பெண்டாட்டியைக்கூட அந்த மனிதர் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

மகாராணிக்குப் புதுச் சாயம் அடிக்க எங்களிடம் கொண்டு வந்தார். வந்த கையோடு பட்டறையில் நின்ற புதுக் கார்களின் பானெட்டை எல்லாம் விரலால் தட்டிப் பார்த்தார். "தகரம். பிஸ்கட் டின்" என்று ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு சொன்னார். அந்த பிஸ்கட் டின்களுக்குச் சொந்தக்காரர்கள் பக்கத்தில்தான் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் அசடு வழிந்து சமாளித்தேன்.

சாயம் எதற்கு என்றால், அவருடைய ஒரே மகள் கவிதாவுக்குக் கல்யாணம். கவிதா பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது மகாராணியில். மணப்பெண்ணாக மண்டபத்துக்குப் போவதும் மகாராணியில்தான் என்று அங்கிள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். தாயில்லாப் பிள்ளை. பின்சீட்டில் நடுநாயகமாக உட்கார வைத்துத் தாமே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவருடைய ஆயுள் ஆசை.

கவிதா முடியாது என்றுவிட்டாள். மண்டபம் இருப்பது கிள்ளானில். பெடரல் ஹைவேயில் லோரிகளுக்கு நடுவே பின்சீட்டில் பெல்ட்டே இல்லாத காரில் வரமாட்டேன், என் சின்னக் காரிலேயே வருகிறேன் என்றாள். அங்கிளுக்கு மானம் போய்விட்டது. அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். சாம்பாரில் உப்பு இல்லை என்பதைக்கூட அவர் எனக்கு போன் போட்டுத்தான் சொன்னார்.

மகாராணியில் பெல்ட்டே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் இடுப்போடு கட்டுகிற பெல்ட் ஒன்று இருந்தது. அதில் அங்கிள் தன் குடையைக் கட்டி வைத்திருந்தார்.

2. ஐந்தாவது எலுமிச்சம்பழம்

சாயம் காய்ந்ததும் மகாராணிக்குப் பூசை. என்னையும் கூப்பிட்டார். கவிதாவும் வந்திருந்தாள், கோயிலுக்காக வந்தாளே தவிர அப்பாவுக்காக இல்லை. சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கற்பூரம் ஒற்றிக்கொண்டு, தன் காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, வாசலுக்கு நேராக ரோட்டில் இடைவெளி கிடைக்கக் காத்திருந்தாள். மகாராணி அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி நின்றது.

குருக்கள் பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். கண் திருஷ்டிக்கு என்று நல்ல கொழுத்த பழமாக ஐந்தாவது ஒன்றைக் கேட்டு வாங்கி அங்கிள் டேஷ்போர்டின் மேல் வைத்துக்கொண்டார். போகிற வழியில் முனீஸ்வரருக்கு உடைக்க ஒரு தேங்காயைப் பின்சீட்டின் நடுவில் வைத்தார், குங்குமத் தட்டைக் குடைக்குக் கீழே தரையில் வைத்தார்.

மகாராணி நகர்ந்தது. நான்கு பழமும் நசுங்கியது. அந்தக் குலுக்கலில் ஐந்தாவது பழம் உருண்டு கீழே விழுந்து, நேராகப் பிரேக் மிதிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கிள் பிரேக்கை மிதித்தார், மிதி இறங்கவில்லை. பதறிப்போய் மறுபடியும் மிதித்தார். இந்த முறை மிதித்தது எண்ணெய், அதாவது ஆக்ஸிலேட்டர்.

அது பெரிய வேகம் இல்லை. சைக்கிள்காரன் முந்திவிடுவான். ஆனால் சத்தம் இருக்கிறதே, நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். மகாராணி போய் மகளின் கார் முதுகில் முட்டி நின்றாள்.

கவிதாவின் காருக்குப் பின்பக்கம் அப்பளமாகிவிட்டது. பூட் மடங்கி, பம்பர் தொங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் கவிதா பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரணமாக இறங்கி வந்தாள். அவள் காருக்குள் மாட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் பைப் பொட்டலத் தேகூடச் சிந்தவில்லை.

மகாராணிக்கு ஒரு விளக்கு உடைந்தது, அவ்வளவுதான். அங்கிளுக்கோ நெற்றி வீங்கியிருந்தது, நெஞ்சைக் கையால் பிடித்திருந்தார், வாயில் பல் இல்லை. அந்த நிலையிலும் இறங்கி வந்து தன் பம்பரையும் மகள் காரையும் மாற்றி மாற்றிக் காட்டி என்னிடம் ஏதோ சொன்னார். "ஹாத்தியா ஹாந்தி, ஹாத்தியா?" என்று மட்டும் கேட்டது. பாத்தியா சாந்தி என்று அர்த்தம், சாந்தி நான்தான். ஜெயித்துவிட்டாராம்!

"அப்பா, நெஞ்சு வலிக்குதா?" என்று கவிதா கேட்டாள். பேச்சு நின்ற பிறகு அவள் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. பல் இல்லாமல் பதில் சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

அப்புறம்தான் நான் காருக்குள் தலையை விட்டேன். குங்குமத் தட்டில் அங்கிளின் பல்செட் மங்களகரமாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

3. ஐஸ்கிரீம் பெட்டி

இரண்டு கார்களும் எங்கள் பட்டறைக்குத்தான் வந்தன. அங்கிளும் வந்தார். எலும்பு ஒன்றும் உடையவில்லை, நெஞ்சில் ஸ்டீரிங் வளையம் பதிந்து கறுத்திருந்தது, கொஞ்ச நாளைக்குச் சிரிக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் காரின் நிலைமையைப் பார்த்து மனுஷனால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. சிரிப்பார், "ஆ" என்று நெஞ்சைப் பிடிப்பார், மறுபடியும் சிரிப்பார்.

எங்கள் போர்மேன் ஆ செங் அந்தக் காரின் பின் பம்பரைக் கழற்றினான். உள்ளே வெள்ளையாக நுரைப்பஞ்சுக் கட்டி, அதற்குப் பின்னால் வளைந்து மடங்கிய இரும்பு. அங்கிளுக்குப் பரம சந்தோஷம்.

"பாத்தியா சாந்தி, ஐஸ்கிரீம் பெட்டிய உள்ள வச்சுக் காடி செய்யுறானுங்க. இதுலயா எம் மக போவணும்?"

எனக்கு வந்ததே கோபம். "அங்கிள், அது நசுங்கறதுக்குன்னே வச்சதுலா. டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறீங்களே, அது நசுங்கலன்னா உங்க திருஷ்டி எங்க போவும்? மகாராணி நசுங்க மாட்டேன்னுட்டா. அதான் இடி உங்க நெஞ்சுக்கு வந்துருச்சு."

அங்கிள் அசரவில்லை. "அது சாமி, இது காடி" என்றார். நான் கவுண்டருக்குப் போய்விட்டேன்.

சற்று நேரத்தில் மகாராணியைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்த ஆ செங் இரண்டு தேங்காய் மூடிகளோடு வந்தான். முன்பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் கிடந்ததாம். அந்தக் கால டேஷ்போர்டு இரும்பு. அதில் தேங்காய் பட்ட இடம் குழிந்து, புதுச் சாயம் பெயர்ந்திருந்தது. முனீஸ்வரருக்கு வேண்டிக்கொண்ட தேங்காய் அவரிடம் போய்ச் சேராமலே உடைந்துவிட்டது.

"இத நான் பின்சீட்டுலல்ல வச்சேன்" என்றார் அங்கிள்.

எழுந்து போய் மகாராணியின் பின்கதவைத் திறந்தார். காலியான சீட்டின் நடுவைப் பார்த்தார். முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். குழிந்த இரும்பைப் பார்த்தார். பக்கத்து சீட்டில் அவருடைய குடை, கட்டி வைத்தது கட்டி வைத்தபடி, ஒரு கம்பிகூட வளையாமல் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ரசீது எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"கவிதாவ உக்கார வைக்கப் பாத்த எடம் சாந்தி இது" என்றார்.

அன்றைக்கு அவர் அப்புறம் சிரிக்கவில்லை. பின்சீட்டுக்குப் பெல்ட் வைத்துத் தர முடியுமா என்று மட்டும் கேட்டார். ஆ செங் தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரால் காரின் அடித்தகரத்தை ஒரு குத்து குத்தினான். அது உள்ளே இறங்கிப் பட்டறையின் சிமெண்ட் தரையில் முட்டியது. சாயம் புதுசு, அடியில் எல்லாம் துரு. குடைக்குத் தாங்கும், ஆளுக்குத் தாங்காது என்று மலாயில் சொல்லிவிட்டான்.

4. கல்யாணம்

பிள்ளைகளே, எந்தக் காடி ஸ்ட்ராங் என்று கேட்காதீர்கள். அடி எங்கே போய்ச் சேரும் என்று கேளுங்கள். "ஐயோ, புது காடி இப்படி நசுங்கிப்போச்சே" என்று கவுண்டரில் வந்து அழுகிறவரை முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். நடந்து வந்து அழுகிறார் பாருங்கள், அதற்காகத்தான் அது நசுங்கியது. பழசு எவ்வளவு அழகாக இருந்தாலும் நிறுத்தி வைத்து ரசிக்கலாம், தப்பே இல்லை.

மகாராணியும் கல்யாணத்துக்கு வந்தாள். மாலை போட்டுக்கொண்டு, எங்கள் தோவிங் லோரியின் முதுகில் ஏறி, ராஜ மரியாதையோடு முன்னால் போனாள். மண்டப வாசலில் இறக்கி நிறுத்தினோம். மாப்பிள்ளையைவிட அவளோடு படம் பிடித்துக்கொண்டவர்கள்தான் அதிகம்.

கவிதா நாங்கள் சரிசெய்து கொடுத்த தன் சின்னக் காரிலேயே வந்தாள். ஓட்டியது அங்கிள். பின்சீட்டில் மகள், காஞ்சிப்பட்டுக்கும் மாலைக்கும் மேலே பெல்ட். பக்கத்துக் காரிலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டே வந்த பையன், படத்தில் அசிங்கமாக இருக்கிறது, ஒரு நிமிஷம் கழற்றச் சொல்லுங்கள் என்று ஹைவே முழுக்கக் கத்திக்கொண்டு வந்தானாம். அங்கிள் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். கவிதா இறங்கியதும் அவர் கண் முதலில் சேலைக்குத்தான் போனது. மாலை நசுங்கி, தோளிலிருந்து இடுப்பு வரை பட்டு வரியாகச் சுருங்கிக் கிடந்தது. "என்ன சம்பந்தி, பட்டெல்லாம் இப்படிக் கசங்கிப்போச்சு" என்று முகம் சுளித்தார்.

அங்கிள் மகளைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"பட்டுதானே சம்பந்தி கசங்கிச்சு, புள்ள கசங்கலையே" என்றார்.