ஸ்டிக்கர் ஒட்டாத சிடி

பிரியாணிக் கடைக்காரர் பார்சல் டப்பாவின் மேல் 'சிக்கன்' என்று எழுத மார்க்கர் பேனாவைத் திறந்தார். அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு விமலாவின் மேல் பொறாமை வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தா என்று சிரிக்காதீர்கள். அதற்கெல்லாம் வயதாவதில்லை.

அப்போது பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் வேலை. டிஜிட்டல் கேமரா வந்த புதிது. கல்யாணப் படங்களை சிடியில் ஏற்றிக் கொடுப்பது எனக்கும் விமலாவுக்கும் வேலை. நான் பூலாம்பாடியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து கசங்கிப் போயிருப்பேன். அவள் ரெட்டிபாளையத்திலிருந்து வருவாள், தலைகூடக் கலைந்திருக்காது. அதிலேயே எனக்கு ஓர் எரிச்சல்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வளைகாப்புப் படங்களும் கல்யாண சிடியிலேயே இருக்க வேண்டும். "புதுசு வேணாம்மா, அதுலயே சேத்துடுங்க, பிரிக்கக் கூடாது" என்பார்கள். அதனால் மிச்ச இடத்தில் பிறகும் ஏற்றும்படி சிடியை மூடாமல் விட்டுவைப்போம். ஒரு வருஷம் கழித்து அது மஞ்சள் கறையோடு திரும்பி வரும். விமலா போட்டதென்றால் சமர்த்தாக ஏறும். நான் போட்டதென்றால் பாதியில் நின்று, திரையில் 'ரைட் எரர்' வரும். சில சமயம் உள்ளே இருந்த கல்யாணமும் திறக்காது.

முதலாளி அரியலூரில் இன்னொரு கடை போடப்போகிற நேரம் பார்த்தா இது நடக்க வேண்டும்? எங்களில் ஒருத்திக்குத்தான் அந்தக் கடைப் பொறுப்பு. சாவிக்கொத்தோடு நான் ஷட்டரைத் திறப்பதாகக் கனவே கண்டிருந்தேன்.

சிறுவாச்சூர்ப் பெண் ஒருத்தி நிறைமாத வயிற்றோடு வந்து காத்திருந்தாள். அவள் சிடியும் நின்றது. "ஒரே கடை, ஒரே சிடி. அந்தப் புள்ள போட்டா ஏறுது, ஒனக்கு மட்டும் ஏம்மா நிக்குது?" என்றார் முதலாளி. விமலாதான் அந்தக் கல்யாணத்தை முடிந்தவரை மீட்டு வேறு சிடியில் ஏற்றிக் கொடுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

அவளுக்கு நல்ல கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டு, என் தலையில் ஓட்டையைக் கட்டிவிட்டார்கள் என்பதுதான் என் கட்சி. சிடி டிரைவின் லென்ஸைத் துடைத்தேன், ஏற்றும் வேகத்தைக் குறைத்தேன், கேபிளை மாற்றினேன். கடைசியில் அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவள் போட்ட பழைய சிடி ஒன்றை என் கம்ப்யூட்டரில் செருகினேன். ஏறியது. நான் போட்டதை அவளுடையதில் செருகினேன். நின்றது. கம்ப்யூட்டர் மேல் பழி போட வழியில்லாமல் போயிற்று.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவளுடையதில் மார்க்கரால் எழுதிய இரண்டு பெயர்கள், அவ்வளவுதான். என்னுடையதில் பெண் மாப்பிள்ளை படம் போட்டு, ரோஜாப்பூ பார்டர் வைத்த வட்ட ஸ்டிக்கர். நானே செய்தது, அதில் எனக்கு அப்படியொரு பெருமை. அவர்கள் வீட்டு டிவி மேல் ஒரு வருஷம் கிடந்து, வெயிலில் ஸ்டிக்கர் சுருங்கி, சிடியையே லேசாக வளைத்திருந்தது. சிறுவாச்சூர்ப் பெண்ணின் கெட்டுப்போன சிடியை எடுத்து ஸ்டிக்கரை உரித்தேன். வெள்ளிப் பூச்சும் கூடவே வந்துவிட்டது. கையில் மிஞ்சிய கண்ணாடி போன்ற வட்டத்தின் வழியே, டிபன் பாக்ஸோடு வரும் விமலா தெரிந்தாள்.

அவளிடம் காட்டிச் சொன்னேன். "ஸ்டிக்கராக்கா காரணம்? எனக்கு ஒட்ட வராது, கோணிக்கும். அதான் எழுதி வுட்டுருவேன்" என்றாள். "நீங்க ஒட்டுற அழகப் பாத்து எத்தன நாளு வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா!"

அதை முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம். அரியலூர் சாவி அவளுக்குத்தான் போனது.

என் கல்யாண சிடியைப் போட அவளிடம்தான் கொடுத்தேன். பொறாமை வேறு, புத்தி வேறு. வளைகாப்பையும் அதிலேயே ஏற்றிவிட்டு, "இன்னும் எடம் கெடக்குக்கா. ரெண்டாவது புள்ளைக்கும் இதுலயே ஏத்திக்கலாம்" என்றாள். சின்னவன் பிறந்தபோது இரண்டு கடையும் இல்லை. விமலா கல்யாணமாகி எந்த ஊரில் இருக்கிறாளோ. அவன் படங்களெல்லாம் போனில் இருந்தன, போன் பஸ்ஸில் தொலைந்தது.

பிரியாணி வாங்கிய அன்று, தெரிந்தவர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் அந்த சிடியைப் போட்டுப் பார்த்தேன். ஒரு படமாவது திறக்காமல் இருக்க வேண்டும் என்று மனசு கேட்டது. எல்லாம் திறந்தன. கடைசிப் படத்தில் விமலா எனக்கு வளையல் போடுகிறாள்.

கூட வந்த சின்னவன் முகம் சுண்டிவிட்டது. "அக்காவுக்கு வயித்துல இருந்தப்பவே படம் இருக்கு. என்னோடது எங்கம்மா?" என்றான்.

சிடியில் இன்னும் இடம் இருக்கிறது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது?