ஈசானி மூலையில் ஒரு முழம்

அம்மா பட்டப்பகலில் குளிக்க வேண்டும். நான் வேலி போட்டதற்குக் காரணம் அவ்வளவுதான்.

அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டம் இருந்தவரை, கொல்லைக்குத் தனியாக மறைப்பு தேவைப்படவில்லை. தோட்டத்தை அழித்து வீட்டு மனையாக்கினார்கள். எங்கள் எல்லையை ஒட்டித் தார்ச்சாலை வந்தது, அதில் மினி பஸ்ஸும் வந்தது. தண்ணீர்த் தொட்டியும் துவைகல்லும் இருந்த இடத்தில் இருக்க, அம்மா மட்டும் இருட்டோடு எழுந்து குளிக்க ஆரம்பித்தாள். மார்கழிப் பனியில் பிடித்த இருமல் பங்குனி வரைக்கும் விடவில்லை. வீட்டுக்குள் ஒரு குளியலறை உண்டு. அதில் கையை நீட்டினால் சுவர் இடிக்கிறது என்பாள்.

தென்னந்தட்டி கட்டிப் பார்த்தோம், கரையான் தின்றது. "அடுத்த வெள்ளாமைக்கு ஹாலோ பிளாக் சுவரு எடுத்துருவோம்" என்று அப்பா ஒவ்வொரு வெள்ளாமைக்கும் சொன்னார்.

நான் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, தேனியில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அல்லிநகரத்தில் குளியலறைக் கதவு விற்கும் கடை ஒன்றில் வெள்ளை பிவிசி பலகைகளைப் பார்த்ததும் எனக்கு வேலி தெரிந்துவிட்டது. கரையான் அரிக்காது. மழையில் ஊறாது. சாயம் அடிக்க வேண்டாம். ஒன்றின் விளிம்பு அடுத்ததன் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் விட, நானே தூக்கலாம். பாதகம் என்று எழுத ஒன்றுதான் இருந்தது: காற்று. எங்கள் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடிக் காற்று வீட்டின் தெற்குச் சந்தில் குவிந்து கொல்லைக்குள் பாயும். வெயிட் இல்லாத பலகையை அது சும்மா விடாது. அதனால் கால்களுக்கு இரும்புச் சதுரக் குழாய், குழிக்குக் கான்கிரீட், பலகைக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி என்று முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டு அத்தை வந்து மாதிரிப் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, இது கக்கூஸ் கதவுல்ல? இதையவா வரிசையா நிறுத்தப் போற?"

"ஆமா அத்தை."

"பஸ்ல போறவுக எறங்கி வந்து கதவத் தட்டப் போறாக, பாத்துக்க."

அம்மா சிரிக்கவில்லை. அவளுடைய கவலை வேறு. "ஆடி பொறந்துட்டா ஒரு மாசத்துக்குப் புதுசா எதையும் தொடங்கக் கூடாது. ஆனிக்குள்ள மொதக் கால ஊனிரு. ஈசானி மூலையில ஊனணும்."

வேலியின் வடக்கு முனையே ஈசானி மூலை என்பதால் எனக்கு மறுப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை கயிறு கட்டி, குழி தோண்ட வேண்டிய இடங்களில் சுண்ணாம்பு வைத்தேன். புதன்கிழமை நல்ல நேரம். அன்று காலையில் அல்லிநகரம் போய்ப் பலகைகளை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் மதியமாகிவிட்டது.

கொல்லையில் முதல் கால் நின்றுகொண்டிருந்தது. உச்சியில் மாவிலை, நடுவில் மஞ்சள் துணி, அடியில் பால் ஊற்றிய ஈரம். நான் கலக்க வைத்திருந்த சிமெண்டைக் கலந்து ஊற்றியும் ஆகிவிட்டது. என் கயிறு மட்டும் அந்தக் காலுக்கு ஒரு முழம் வெளியே, தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"சுண்ணாம்பு வச்ச எடத்துல பாறை தட்டுச்சு" என்றார் அத்தை. கடப்பாரை இன்னும் அவர் கையில் இருந்தது. "நேரம் போயிரும்ல? அதான் ஒரு முழம் உள்ள தள்ளி ஊனிட்டோம். ஒரு முழத்துல என்ன கொறஞ்சு போச்சு?"

"வேலி கோணிப் போயிரும் அத்தை. பிடுங்கித்தான் ஆகணும்."

அம்மா காலுக்கு முன்னால் வந்து நின்றாள். "பால் ஊத்துன காலப் பிடுங்குனா வீட்டுக்கு ஆகாது. அப்படின்னா எனக்கு வேலியே வேணாம்த்தா. நான் இருட்டுலயே குளிச்சுக்கிறேன்."

வெளியே பாறை. உள்ளே பால் ஊற்றிய கால். அப்பா மாட்டுக்குத் தீவனம் வைத்தபடியே, "அதுக்குத்தான் சுவரு எடுப்போம்னேன்" என்றார்.

நான் கயிற்றை அவிழ்த்துவிட்டு யோசித்தேன். இரண்டு வரிசை போடலாம். நீண்ட வரிசையை மூலைக்கு முந்திய காலோடு நிறுத்திவிடலாம். அம்மா ஊன்றிய காலில் தொடங்கி, ஒரு முழம் உள்ளே ஒரு குட்டி வரிசை. அதன் நுனி நீண்ட வரிசையின் பின்னால் நன்றாக ஒளிகிற அளவுக்கு நீளம். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் வழி கிடைக்கும். காற்று வெளியேறும், பார்வை உள்ளே வராது. வரைந்து பார்த்தபோது என்னுடைய பழைய படத்தைவிட இது நன்றாக இருந்தது. அதை அத்தையிடம் சொல்லவில்லை.

ஆனி முடிவதற்குள் எல்லாக் கால்களும் நின்றன. ரசமட்டம் வைத்து ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். ஆரம்பித்த வேலையைத் தொடரலாம் என்பதால் ஆடியில் பலகை மாட்டுவதற்குத் தடையில்லை. கடைசித் திருகை முடுக்கிய மறுநாள், துவைகல்லின் அருகில் அம்மாவைச் சிவப்புச் சேலையில் நிற்கச் சொல்லிவிட்டு மினி பஸ்ஸில் ஏறினேன். போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தேன், திரும்பும்போது படியருகே நின்றேன். வெள்ளைப் பலகைதான் தெரிந்தது. சேலையின் ஒரு நூல்கூடத் தெரியவில்லை.

"எங்கனத்தா எறங்கணும்?" என்று கண்டக்டர் கேட்டார்.

"அந்த வெள்ளை வேலிகிட்ட."

"கக்கூஸ் கதவு ஸ்டாப்பா?" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொல்லி விசில் ஊதினார். அத்தை அவரிடமும் பேசியிருக்கிறார்.

அந்த வாரமே பெருங்காற்று வந்தது. தெரு முனையில் யார் வீட்டுத் தகரமோ பறந்தது. அப்பா வெளியே போய் வேலியில் காதை வைத்துக் கேட்டார், கால்களைப் பிடித்து ஆட்டினார். பலகைகள் விம்மி விம்மி அடங்கின. மாவிலைச் சருகு மூலைச் சந்து வழியே ரோட்டுக்குப் பறந்தது. கால் ஒன்றும் அசையவில்லை. அப்பா உள்ளே வந்து, "மாட்டுக் கொட்டத்துக்கும் இதே மாதிரி ஒரு பக்கம் அடைக்க முடியுமாத்தா?" என்றார். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஹாலோ பிளாக் பேச்சு எழவில்லை.

ஆடி வெள்ளிக்கிழமை, உச்சி வெயிலில் அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டு தொட்டியடியில் உட்கார்ந்திருந்தாள். நான் சீயக்காய் கரைத்துக்கொண்டிருந்தேன். மூலைச் சந்தில் ஒருக்களித்தபடி ஓர் உருவம் நுழைந்தது. தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா.

"மதினி, எண்ணெய் மிச்சமிருக்கா?" என்றார் அத்தை. "எங்க வீட்டுக் கொல்லையும் ரோட்டப் பாத்துத்தான் கெடக்கு."

அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். "வரும்போது கதவத் தட்டிட்டு வரக் கூடாதா?"