கனடாவுக்குப் போன கம்பியூட்டர்

சமாதான காலத்தில கிளிநொச்சியில ஒரு சின்னப் படக்கடை வைச்சிருந்தன். படங்களை வாடகைக்குக் குடுப்பன், ஆரும் கேட்டால் கடைக் கம்பியூட்டரில போட்டும் காட்டுவன். ஒருநாள் காலமை, இரணைமடுப் பக்கம் வயல் செய்யிற அக்கா ஒரு ஆள் டிஸ்க் ஒண்டோட வந்தா. கனடாவில நடந்த மகளின்ர கலியாணம். விசா கிடைக்காததால அவாவுக்குப் போகேலாமல் போச்சு.

"தாலி கட்டுறதைக் காட்டினாக் காணும் தம்பி" எண்டா.

போட்டன். இந்த டிஸ்க் உங்கட பகுதிக்கு உரியதில்லை எண்டு திரையில இங்கிலிசில வந்து நிண்டுது.

"என்னவாம்?"

"கனடாப் பக்கத்துக் கம்பியூட்டரிலதான் ஓடுமாம் அக்கா."

"ஓமந்தைச் சோதனைச்சாவடியில ஆமிக்காரனே திறந்து பாத்திட்டு விட்டவன். இதுக்குப் பிறகு பாஸ் கேக்க இவன் ஆர்?"

எனக்குக் கோவத்தில சன்னதம் வந்திட்டுது. என்ர கடையில முக்காவாசி களவாப் பிரதி எடுத்த டிஸ்க்குகள். அதுகள் ஒரு கேள்வியும் கேளாமல் ஓடும். பெத்த மகளின்ர கலியாணம் மட்டும் ஓடாதாம்! இதை ஆர் களவெடுக்கப் போறான்? எங்கயோ ஏசி அறைக்குள்ள இருந்து இந்தப் பூட்டைச் செய்தவனுக்கு நான் அண்டைக்குக் குடுத்த பேச்சை இங்க எழுதினால், இந்தப் புத்தகத்துக்கும் பூட்டுப் போட்டிடுவினம்.

ஒரு வழி இருந்தது. கம்பியூட்டர் எந்தப் பகுதியில இருக்குது எண்டதை நாங்களே மாத்தலாம், ஆனால் ஐஞ்சு தரம்தான் விடுவான். கண்ட கண்ட நாட்டு டிஸ்க்கையும் போட்டு விளையாடி நாலை முடிச்சிட்டன். கடைசியையும் மாத்தினால் அது சாகும்வரைக்கும் கனடாதான். இந்தியாவில இருந்து வாற நல்ல ஒரிஜினல் படங்கள் பிறகு ஓடாது. என்ர பிழைப்பே அதுகளைப் போட்டுக் காட்டுறதிலதான். அக்காவின்ர டிஸ்க்கை வேற எங்கயும் பிரதி எடுப்பமெண்டால் அதுக்கும் பூட்டு.

எல்லாத்தையும் சொன்னன். "ஐயோ வேண்டாம், உங்கட பிழைப்பைக் கெடுக்காதேங்கோ" எண்டு டிஸ்க்கைத் திருப்பி வாங்கி, சேலைத் தலைப்பால துடைச்சு உறைக்குள்ள வைச்சா. அதைப் பாத்துக்கொண்டு எப்பிடி இருக்கிறது?

"துலைஞ்சு போகட்டும், தாங்கோ அக்கா" எண்டு வாங்கிப் போட்டு, மாத்துற பொத்தானை அமத்தினன். எங்கட ஊர்ப் பெடியள் எத்தினை பேர் வெளிநாடு போக ஏஜென்சிக்குப் பின்னால திரிய, என்ர கம்பியூட்டர் சத்தமில்லாமல் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்திட்டுது.

கலியாணம் ஓடத் தொடங்கினது. அக்கா கதிரை நுனியில இருந்தா. கெட்டிமேளம் கேட்டதும் எழும்பி, சேலையில முடிஞ்சு வைச்சிருந்த பொட்டலத்தை அவிழ்த்தா. அறுகரிசி! மணவறையில பொம்பிளை மாப்பிள்ளையை வாழ்த்திப் போடுறது. நான் "அக்கா, அக்கா" எண்டு கத்த முன்னம் திரைக்கு மேல அள்ளிப் போட்டிட்டா. அரிசி முழுக்கக் கீபோட்டுக்குள்ள.

"அழுததில வடிவாத் தெரியேல்லை. இன்னொருக்காப் போடுங்கோ தம்பி."

கீபோட்டைத் தூக்கி மேசைக்குக் கீழ வைச்சிட்டுத் திருப்பிப் போட்டன். பொட்டலத்தில மிச்சம் இருந்ததில பாதியை என்ர கையில திணிச்சா.

"நீங்களும் போடுங்கோ. எங்கட பக்கத்தால அங்க ஒருத்தரும் போடேல்லை."

மேளம் கெட்டியாக, நானும் எழும்பி நிண்டு போட்டன்.