தலைகீழ் அம்புக்குறி

குளிரறையில் பனிக்கட்டி அறுக்கும் மூத்தவளுக்கு விரல் மரத்துப்போவது பழகிவிட்டது. வயிறு எரிவதுதான் பழகவில்லை. எரிச்சலுக்குக் காரணமானவள் பக்கத்து அறையிலேயே இருந்தாள்: அவளுடைய ஓரகத்தி, வீட்டுக்கு இளைய மருமகள். ஆய்வுக்கூடத்தில் இடம் காலி என்று சொல்லி, கையைப் பிடித்து அழைத்து வந்தவளும் மூத்தவளேதான். யாரை நொந்துகொள்வது?

தூரத்துப் பனிவெளியில் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகள் அங்கே வரும். மூத்தவள் அவற்றை நீளவாக்கில் இரண்டாக அறுப்பாள். ஒரு பாதி பழைய குறியோடு பெட்டிக்குள் பத்திரமாகப் போகும். மறுபாதியைச் சீவி, எந்தப் பக்கம் மேலே என்று புதிதாக அம்புக்குறி போட்டு இளையவளிடம் கொடுப்பாள். மேலே இருப்பது பிந்திப் பெய்த பனி, கீழே இருப்பது முந்திப் பெய்தது. இளையவள் அதை நொறுக்கி, குமிழிகளில் அடைபட்ட பழங்காற்றை அளப்பாள். பூமி பல்லாயிரம் ஆண்டுகளாக மெல்ல மெல்ல உறைந்ததும், பிறகு மளமளவென்று இளகியதும், மறுபடி உறையத் தொடங்கியதும் அந்தக் காற்றில் தெரியும். அறுக்கிறவள் பெயர் எங்கும் வராது. அளக்கிறவளின் படம் பத்திரிகையில் வந்தது.

மாமியார் அதை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். "நம்ம சின்னவ எவ்வளவு லட்சணமா நிக்கிறா பாரு!" தண்ணீர் எடுக்கக் கதவைத் தொடும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு கண்ணில் பட்டது. மூத்தவள் வெந்நீருக்கு மாறிவிட்டாள்.

அதையாவது பொறுத்துக்கொண்டாள். பனிவெளிக்குத் துளையிடப் போகும் குழுவில் இங்கிருந்து ஒருவருக்கு இடம் உண்டு என்றார்கள். இத்தனை வருடம் அறுத்த பனி எங்கே கிடந்தது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட மூத்தவள் துடித்தாள். தலைமை ஆய்வாளர் இளையவளைத் தேர்ந்தெடுத்தார்.

மறுநாள் அறுக்க வந்த துண்டு, பனியுகம் முடிந்து வெம்மை தொடங்கிய காலத்தைச் சேர்ந்தது. மூத்தவள் சீவினாள். பென்சிலை எடுத்து அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டாள். கை தவறவில்லை, மனமறிந்துதான் போட்டாள்.

அளவு கோணலாக வந்தது. பூமி இளக வேண்டிய இடத்தில் உறைந்துபோயிருந்தது. தலைமை ஆய்வாளர் தாம்தூம் என்று குதித்தார்.

"நான்தான் சார் துண்டைத் தலைகீழா வெச்சுட்டேன்" என்றாள் இளையவள்.

பயணத்திலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டு மூத்தவள் பெயரை எழுதினார்கள். மூத்தவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவளோ குளிரறைக்குள் போய் அடுத்த துண்டை அறுக்கத் தொடங்கினாள். சாயங்காலம் இளையவள் தன் கம்பளிக் கையுறையோடு குளிரறைக்கு வந்தாள்.

"இத வெச்சுக்குங்கக்கா. உங்க விரல்தான் சீக்கிரம் வெடிக்குது."

"அந்தக் குறிய மாத்திப் போட்டது நான்தான். வேணும்னேதான் போட்டேன்."

"தெரியும்க்கா. பெட்டியில இருக்கற பாதிய எடுத்துப் பாத்துட்டேன்."

"பின்ன ஏண்டி பழிய நீ ஏத்துக்கிட்ட?"

"என்னை இங்க கூட்டிட்டு வந்தது யாரு?"

மூத்தவள் கையுறையை அவள் கையிலேயே திணித்துவிட்டு, தலைமை ஆய்வாளரின் அறையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். உண்மையைச் சொன்னால் வேலையே போகலாம். போகட்டும். கண்ணில் நீர் முட்டியது. அப்போதும் வயிற்றெரிச்சல் விட்டபாடில்லை. படமும் அவளுக்கு, பயணமும் அவளுக்கு, இந்தப் பெரிய மனசும் அவளுக்கேவா?