பந்தலின் மூன்றாவது கால்

"பொணத்துக்கு என்னய்யா அவசரம்? அது எங்க ஓடிடப் போவுது?"

இந்தப் பேச்சு இருபத்திரண்டு வருஷமாகக் கிளெமென்ட்டின் காதுக்குள் குடியிருந்தது. சொன்னவன் பந்தல் ரகு. சொன்ன இடம் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்து.

அன்றைக்கு ரகுவுக்குப் பிறந்தநாள். சந்தை அடைத்துப் பந்தல் போட்டு, சீரியல் லைட் கட்டி, நடுவில் மேசை போட்டிருந்தார்கள். பந்தலுக்கு இந்தப் பக்கம் நின்ற வண்டியில் கிளெமென்ட்டின் அம்மா சொர்ணம் படுத்திருந்தாள். சந்துக் கோடியில் மகள் வீட்டில் காலமாகி, கல்லறைக்குப் புறப்பட்டவள். பந்தலைத் தாண்டிவிட்டால் மெயின் ரோடு. இல்லையென்றால் பின்னாலேயே போய் ரயில்வே கேட்டைச் சுற்ற வேண்டும். கல்லறைத் தோட்டத்தை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

"ரெண்டே ரெண்டு காலப் புடுங்கிக்கிறேண்ணா. வண்டி போனதும் நானே நட்டுக் குடுத்துடறேன்" என்று கிளெமென்ட் கையெடுத்துக் கும்பிட்டான். அப்போதுதான் ரகு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதைச் சொன்னான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தன் விசில் அடித்தான்.

வண்டி ரயில்வே கேட்டில் நின்று, மார்க்கெட்டில் நின்று, போய்ச் சேர்ந்தபோது பூட்டு தொங்கியது. காவல்காரர் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார். சொர்ணம் விடியும் வரை கேட்டுக்கு வெளியே ஐஸ் கட்டிமேல் கிடந்தாள். வண்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக ரோட்டில் விழுந்தது. அந்தச் சத்தமும் கிளெமென்ட்டை விட்டுப் போகவில்லை.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் அவன். அதுவரை ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். அம்மாவை அடக்கம் பண்ணின மாதமே ஆட்டோவைத் தள்ளிவிட்டு ஒரு பழைய வேனைப் பிடித்தான். பக்கவாட்டில் கண்ணாடி வைத்து, ஊதாத் திரை மாட்டி, கூரையில் ஒரு சிலுவை நட்டான். ரிச்சர்ட்ஸ் டவுனில் பெரிய வீடுகளுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. வாசலில் அந்த வண்டி. யார் வீட்டில் சாவு என்றாலும் சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னால் போய் நிற்பான். ஹாரன் அடிக்க மாட்டான். ஒருவரோடும் சிரித்துப் பேச மாட்டான். ஆனால் பின்னால் படுத்திருப்பவர்களோடு பேசுவான். ஸ்பீட் பிரேக்கர் வந்தால், "மேடு வருது, புடிச்சுக்குங்க" என்பான். முதல் தடவை கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். இரண்டாவது மேட்டில் அழுகை வந்துவிடும்.

அதற்குள் ரகு பெரிய ரவுடியாக எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டான். பதினெட்டு வயதில் கூலிக்குப் பந்தல் கால் நட்டவன்; அவன் நட்ட பந்தல் எந்த மழைக்கும் சாய்ந்ததில்லை என்று அவனைப் பிடிக்காதவர்களே சொல்வார்கள். அந்த வேலையையே பிறகு ஆயுதமாக்கிக்கொண்டான். ஒரு வீட்டின்மேல் அவன் கண் விழுந்தால், வாசலை மறைத்துப் பந்தல் போட்டு ஆட்களை உட்கார வைப்பான். உள்ளே இருப்பவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறும் வரை பந்தல் பிரியாது. எதிர்த்தவர்களுக்குக் கை போயிற்று, கால் போயிற்று. கடைசியில் அவனோடு சிரித்த ஆட்களே கோர்ட்டில் ஏறி அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். ஜெயிலுக்குள்ளும் அவன் சும்மா இருக்கவில்லை. அங்கே ஒருத்தன் அவன் விலாவில் கத்தியைச் செருக, அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து போட்டார்கள்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சப் இன்ஸ்பெக்டர் பார்கவி கிளெமென்ட்டின் வீட்டுக்கு வந்தார். யூனிபார்ம் இல்லை. வெள்ளைப் புடவை கட்டியிருந்தார். அவர் தமிழில் கன்னட மரியாதைச் சொல் கலந்தே வரும்.

"கிளெமென்ட்ரே, ஒரு பாடி எடுக்கணும். ஆனா பாடி இல்ல."

"அப்புறம்?"

"உயிரோட இருக்கான். ஆனேக்கல் தாண்டி ஒரு ஜெயிலு. போர்டு கிடையாது, மேப்ல கிடையாது. ரொம்ப டேஞ்சரான ஆளுங்கள மட்டும் வைக்கிற இடம். ஆஸ்பத்திரியிலருந்து அவன அங்க கொண்டுபோய் விடணும். போலீஸ் வேன்ல போனா வழியிலயே தூக்கிடுவாங்க. ரெண்டு கேங்கு காத்துட்டு இருக்கு. பொண வண்டிய யாரு நிறுத்துவா, சொல்லுங்க?"

ஒருத்தன் நிறுத்தினான் என்று கிளெமென்ட் சொல்லவில்லை. "யாரு ஆளு?" என்று மட்டும் கேட்டான். பேரைக் கேட்டதும் தட்டில் இருந்த சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தான்.

ஆஸ்பத்திரியின் பின்கேட்டில் ரகுவைக் கொண்டுவந்தார்கள். கிளெமென்ட் நினைத்து வைத்திருந்த ஆள் அவன் இல்லை. கன்னம் ஒட்டி, தலை நரைத்து, கையில் விலங்கு. திறந்த சவப்பெட்டியைப் பார்த்து, "அளவு சரியாதான் இருக்கு" என்றான். பெட்டியில் படுத்ததும் கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்தி, மேலே சாமந்தி மாலை வைத்தார்கள். மப்டியில் இரண்டு கான்ஸ்டபிள்கள் பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். திரை இழுக்கப்பட்டது. பார்கவி முன் சீட்டில் ஏறி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. மழை என்று சொல்ல முடியாத, பஞ்சு மாதிரி மிதந்து வருகிற பெங்களூர்த் தூறல். கடைகளும் மரங்களும் ஈரத்தில் கரைந்து ஓடுவது போலத் தெரிந்தன. பஸ்கள் ஒதுங்கின. ஆட்டோக்காரர்கள் விலகி நின்று நெஞ்சில் கை வைத்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிப் பிடித்தபடி ஒருத்தன் நனைந்தான். வண்டி ஓடுகிறதா, ரோடுதான் பின்னால் நகர்கிறதா என்று கிளெமென்ட்டுக்குப் பிடிபடவில்லை.

மெயின் ரோட்டில் மரம் விழுந்து அடைத்திருந்தது.

"வேற வழி?" என்றார் பார்கவி.

"ஸ்ரீராம்புரம் சந்து ஒண்ணு இருக்கு."

"அங்கயா? அவன் ஆட்டம் போட்ட ஏரியா ரீ அது. ஜனங்க அவனப் பாத்தாங்கன்னா உரிச்சுடுவாங்க."

"பொண வண்டிய யாரும் நிறுத்த மாட்டாங்கன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க?"

ஸ்டீரிங்கை ஒடித்தான். மனசுக்குள் அவன் ஏற்கெனவே தீர்மானித்திருந்தான். அதே சந்து, அதே இடம். அங்கே யாராவது ஒருத்தர், உள்ளே யார் என்று கேட்பார்கள், எப்போதும் கேட்பார்கள். பேரைச் சொன்னால் போதும். ஒரு விரலால் திரையை விலக்கினால் போதும். மற்றதைச் சந்து பார்த்துக்கொள்ளும்.

சந்துக்குள் நுழைந்ததும் பிரேக்கில் கால் வைத்தான்.

பந்தல்.

அதே இடத்தில், சந்தை அடைத்து, மஞ்சளும் சிவப்புமாகத் துணி கட்டி, வாழைமரம் வைத்து. காது குத்து. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் நாதஸ்வரம். ஒரு நிமிஷம் கிளெமென்ட்டுக்கு எந்த வருஷத்தில் இருக்கிறோம் என்று தெரியவில்லை. துணியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால் ஐஸ் கட்டிமேல் அம்மா கிடப்பாள் என்று நிச்சயமாகத் தோன்றியது. அவன் திரும்பவில்லை.

பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓர் அம்மாள் வண்டிக்கு முன்னால் வந்தாள். அவளைக் கிளெமென்ட்டுக்குத் தெரியும்; அவளுக்கு அவனைத் தெரியாது. சந்திரம்மா. அவள் வாசலிலும் ரகு பந்தல் போட்டிருந்தான். சாவி தர மாட்டேன் என்ற அவள் புருஷனுக்கு இன்றைக்கும் ஒரு கால் மடங்காது.

"காதுகுத்து நடக்கற எடம்மா. பொணம் வருதே, அபசகுனம்" என்றான் வேட்டி கட்டிய ஒருத்தன்.

"நீ பொறக்கும்போதே சாகாவரம் வாங்கினு வந்தியா? வாய மூடிட்டு கடப்பாறைய எடு" என்று சந்திரம்மா அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "ஏய், பாட்ட நிறுத்து! புள்ளைங்கள உள்ள தூக்கு! மூணு காலப் புடுங்கினா வண்டி போயிரும். காக்க வைக்காதீங்கடா, பாவம்."

நாதஸ்வரம் நின்றது. நாலைந்து பேர் இலையை விட்டு எழுந்து, எச்சில் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார்கள். கடப்பாறை கல்லில் பட்டு ணங்கென்றது. முதல் கால் ஆடியது. திரைக்குப் பின்னால் பெட்டியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

சந்திரம்மா ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். "யாருப்பா தம்பி உள்ள?"

பார்கவியின் கை புடவைக்குள் போயிற்று. கிளெமென்ட்டின் நாக்கு நுனியில் அந்தப் பேர் உட்கார்ந்திருந்தது. இருபத்திரண்டு வருஷம் அதை அங்கேயே வைத்திருந்தான். வாயைத் திறந்தான்.

"எங்கம்மா" என்றான். "சொர்ணம்."

அது எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு அது பொய்யாகவும் படவில்லை.

"அய்யோ. பெத்தவளா?" சந்திரம்மா தலையில் இருந்த மல்லிகையை அப்படியே உருவிக் கண்ணாடியின் மேல்பக்க இடுக்கு வழியாக உள்ளே போட்டாள். "போய்ட்டு வா தாயி. நல்லபடியா போ." அவளைப் பார்த்து மற்ற பெண்களும் வந்தார்கள். வாழைமரத்தில் கட்டியிருந்த பூச்சரத்தையும் அறுத்துப் போட்டார்கள்.

மூன்று கால்களும் வெளியே வந்தன. இரண்டு பேர் துணியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க, வண்டி அதன் கீழே மஞ்சளும் சிவப்புமான வெளிச்சத்தில் மெல்ல நகர்ந்தது. இரண்டு பக்கமும் கைகூப்பிய ஆட்கள் நின்றார்கள். கிளெமென்ட்டுக்குக் கண்ணெல்லாம் நீர். வைப்பரைப் போட்டான், அது வெளியே இருக்கிற தண்ணீரைத்தான் துடைத்தது.

சந்து முனையில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே நின்றதால் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னால் கால்களைத் திரும்ப நடுகிற சத்தம் கேட்டது. பிறகு ரோடு திறந்தது. ஸ்பீட் பிரேக்கர் வந்தது.

"மேடு வருதும்மா. புடிச்சுக்கோ" என்றான் கிளெமென்ட்.

"புடிச்சுக்கிட்டேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கான்ஸ்டபிள் ஒருத்தர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஊர் தீர்ந்தது. ஏரி ஒன்று வானத்தின் நிறத்திலேயே கிடந்தது, எது தண்ணீர், எது மேகம் என்று தெரியவில்லை. ஆனேக்கல் பஸ் நிலையத்தில் ஓசூர் பஸ்ஸுக்குக் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் கூவினார்கள். அந்தக் கூவலும் தூரத்தில் கேட்கிற கோயில் மணி மாதிரி மங்கிப்போயிற்று. கிளெமென்ட்டின் காதில் வேறு சத்தமே இல்லை. எப்போதும் கேட்கிற அந்தப் பேச்சுக்காகக் காத்துப் பார்த்தான். அது வரவில்லை.

யூகலிப்டஸ் தோப்புக்குள் மண் ரோடு போயிற்று. அதன் முடிவில் ஒரு இரும்புக் கேட். போர்டு இல்லை, எண் இல்லை. மதில்மேல் மயில் ஒன்று நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. கேட் தானாகத் திறந்தது போலத் திறந்தது.

ரகுவை எழுப்பி உட்கார வைத்தார்கள். துணி நிறைய மல்லிகை. காகிதங்களில் கையெழுத்து வாங்க பார்கவி உள்ளே போனார்.

"டிரைவர்" என்றான் ரகு. "அது யாரு, சொர்ணம்?"

கிளெமென்ட் சொன்னான். பிறந்தநாள், பந்தல், ரயில்வே கேட், பூட்டு, ஐஸ் கட்டி. குரலை உயர்த்தவில்லை. ரகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"ஞாபகம் இல்லப்பா" என்றான். "இருக்குன்னு சொன்னா நீ நம்பிடுவே. ஆனா இல்ல. எத்தினி பந்தலு, எத்தினி பேரு."

"சரி."

"அங்க என் பேரச் சொல்லிருக்கலாமே?"

"சொல்லத்தான் வந்தேன்."

"ம்."

வார்டர் வந்து தோளைப் பிடித்தார். ரகு இறங்கினான். மடியிலிருந்து பூ உதிர்ந்தது. நாலடி போனவன் நின்று, விலங்கு மாட்டிய கைகளோடு திரும்பினான்.

"என்னா?" என்றான் கிளெமென்ட்.

"திரும்பிப் போறப்ப அந்தச் சந்து வழியா போவியா?"

"எதுக்கு?"

"பந்தலத் திரும்ப நட்டானுங்க இல்ல? பொட்டிக்குள்ள படுத்துக்கிட்டு கேட்டுட்டேதான் இருந்தேன். மொதக் காலுக்குக் கல்லு வச்சு இடிச்சானுங்க. ரெண்டாவதுக்கும் இடிச்சானுங்க. மூணாவதுக்கு இடிக்கல. குழியில சும்மா சொருகிட்டுப் போய்ட்டானுங்க. ஈர மண்ணு, காத்தடிச்சா சாஞ்சிரும். கீழ புள்ளைங்க உக்காந்திருக்கு." வார்டர் இழுத்தார். ரகு கேட்டுக்குள் போய்க்கொண்டே கழுத்தைத் திருப்பிச் சொன்னான். "மூணாவது காலுப்பா, டிரைவரு. வடக்கால இருக்கறது. போய் ஒரு கல்லு வச்சு நல்லா இடிச்சு வுட்டுரு."