ஏழுமலை கழனியில் என் ரயில்

இந்த நாட்டில் பாராட்டும்போது கை தட்டுவதைவிட மேசையைத் தட்டுவதுதான் அதிகம். விரல்களை மடக்கிக்கொண்டு, சாத்திய கதவைத் தட்டுவதுபோல டொக் டொக்கென்று தட்டுகிறார்கள். முதல்முறை எனக்காகத் தட்டியபோது, ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம், வெளியே போகச் சொல்கிறார்கள் என்று நினைத்து எழுந்தே விட்டேன். பக்கத்தில் இருந்த ஹோர்ஸ்ட் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். ஜெர்மனிக்கு வந்து பல வருடமாகியும் அந்தச் சத்தம் கேட்டால் பாதி எழுந்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

இதெல்லாம் நடப்பது ஒரு பழைய சரக்குக் கிடங்கில். மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் சிற்றூரின் பொம்மை ரயில் சங்கம் அங்கே கூடும். சங்கத்துக்கு இங்கே ‘ஃபெராய்ன்’ என்று பெயர். பொம்மை ரயில் என்று நான் சொல்வது அவர்கள் காதில் விழுந்தால் கோபித்துக்கொள்வார்கள். தலை நரைத்த ஆண்கள் அட்டைப்பெட்டியைக் கைக்குழந்தைபோலத் தூக்கிவந்து, அந்த மாதம் தாங்கள் செய்ததை ஒவ்வொருவராகக் காட்டுவார்கள். “இந்த மாதம் ஸ்டேஷன் பெஞ்சுக்கு வண்ணம் அடித்தேன்” என்பார் ஒருவர். பெஞ்சு அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். எல்லாரும் கண்ணாடியை ஏற்றி இறக்கிக் குனிந்து பார்த்துவிட்டு மேசையைத் தட்டுவார்கள். பொதி கட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஆள் நான். ஹோர்ஸ்ட் ரொட்டிக்கடை நடத்தி ஓய்வுபெற்றவர், சங்கத்தின் தலைவர். அவர் கடையில் பழக்கமாகித்தான் இதற்குள் வந்து விழுந்தேன்.

சங்கத்தின் முறை இது: ஆளுக்கொரு பலகை. ‘மோடுல்’ என்பார்கள். பலகையின்மேல் மலையோ ஊரோ ஆறோ, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஆனால் தண்டவாளம் இடது ஓரத்தில் குறித்த இடத்தில் நுழைந்து, வலது ஓரத்தில் குறித்த இடத்தில் வெளியேற வேண்டும். பொதுமக்கள் பார்க்கவரும் நாளில் எல்லாப் பலகைகளையும் ஒட்டிவைத்தால் ஒரே பாதையாகிவிடும். ஒருவர் செய்த ஊரிலிருந்து கிளம்பும் ரயில் எல்லார் ஊர் வழியாகவும் போய்த் திரும்பி வரும். ஒரு பலகையில் தண்டவாளம் இல்லையென்றால் யாருக்கும் ரயில் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்தது முழுக்க இதனால்தான்.

நான் என் ஊரைச் செய்தேன். சங்கராபுரத்திலிருந்து மேற்கே போனால், கல்வராயன் மலை கண்ணுக்கு எதிரே எழும்பி நிற்கும் இடத்தில் எங்கள் ஊர். அங்கே ரயில் கிடையாது. நான் முதன்முதலாக ரயிலேறப் போனபோது கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து சின்னசேலத்துக்கு இன்னொரு பஸ் என்று மாறி, மடியில் பெட்டியோடு நெரிபட்டுத்தான் ஸ்டேஷனைப் பார்த்தேன். ரயில் வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் எனக்கு மீசை முளைக்கும் முன்பிருந்தே உண்டு. அரசாங்கம் விடும்போது விடட்டும், நான் விட்டுவிடுகிறேன் என்று ஒரு திமிர்.

அளவு தப்பக்கூடாது என்பது இந்தப் பைத்தியத்தின் முதல் விதி. ஊரில் இருப்பது என் அக்கா வசந்தா. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்து, மாமா போனபிறகு தன் நிலத்தையும் என் பங்கு நிலத்தையும் சேர்த்துப் பயிர் செய்கிறாள். அவளிடம் டேப்பைக் கொடுத்து அளக்க வைத்தேன். கிணற்றின் அகலம், வரப்பின் உயரம், வண்டிப்பாதையின் வளைவு. “இன்னாடா இது, எரும எத்தினி அடின்னும் அளக்கணுமா?” என்று திட்டிக்கொண்டே அளந்து, படம் எடுத்து அனுப்பினாள். கிணற்றுக்கு மேற்கே கொஞ்சம் இடத்தை அவள் கரும்பு நடாமல் காலியாகவே விட்டிருக்கிறாள். நான் திரும்பி வந்து வீடு கட்டுவதாகச் சொல்லியிருக்கும் இடம் அது. சொல்லி எவ்வளவு காலமாயிற்று என்று இருவரும் பேசுவதில்லை. பலகையில் அந்த இடத்தில் ஒரு சின்ன வீட்டை வைத்தேன். மொட்டைமாடி, மாடியில் துணிக்கொடி, கொடியில் ஒரு நீலப் புடவை.

முன்பக்கம் என் பங்கு நிலம், கிணறு, வீடு. பின்பக்கம் பக்கத்து நிலக்காரர் ஏழுமலையின் கழனி; அதை ஒட்டித்தான் எங்கள் வயலுக்கு வண்டிப்பாதை. அதற்கும் பின்னால் மலை. தண்டவாளத்தைப் பின்பக்கம் விட்டேன். பார்க்கிறவர் கண்ணுக்கு முன்னால் வீடும் வயலும், தூரத்தில் ரயில். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அதில் யோசிக்க ஏதாவது இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. முடித்ததும் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். பெருமை தாங்காமல் அவள் அதை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்.

பொதுமக்கள் வரும் நாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வேலையில் இருக்கும்போது அக்கா கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

“டேய், இன்னாடா பண்ணி வச்சிருக்க? ஏழுமல வண்டிப்பாதையில முள்ள வெட்டிப் போட்டுட்டான். வெட்டுன கரும்பு அப்படியே கெடக்குது. டிராக்டரு உள்ள வரமுடியாம ரோட்டுலயே நிக்குது.”

“ஏன்க்கா?”

“ஏனா? அவன் கயினில நீ ரயிலு வுட்டியாமே!”

“பொம்மக்கா அது!”

“எனக்குத் தெரியுது. டேப்பப் புடிச்சிக்கினு கயினி கயினியா அளந்தது யாருன்னு கேக்கறான். நான்தான அளந்தேன்? இன்னா சொல்லச் சொல்ற?”

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு எங்கள் பக்கத்து மனிதர்கள் ஒன்றைக் கண்ணால் கண்டு பழகியிருக்கிறார்கள்: எந்தக் கட்டடமும் முதலில் பொம்மையாகப் படத்தில் வரும், பிறகு டேப்போடு ஆள் வரும், பிறகு கல் நடுவார்கள். சின்னசேலத்து ரயில்பாதை நீண்டு நம் பக்கமும் வரும் என்று டீக்கடையில் ஏற்கெனவே பேச்சு. டேப்பும் வந்துவிட்டது, பொம்மையும் வந்துவிட்டது. பாக்கி என்ன இருக்கிறது? ஏழுமலை சின்ன வயதில் எங்கள் வயலில் கூலிக்கு வந்தவர். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், சித்தாள் வேலை பார்த்த மனைவியோடு வாயைக் கட்டிச் சேர்த்து அந்தத் துண்டு நிலத்தை வாங்கினார். அவருக்கு வேறு நிலம் கிடையாது. வெட்டிய கரும்போ வெயிலில் காய்ந்து சக்கையாகிக்கொண்டிருந்தது. அக்காவின் ஒரு வருட உழைப்பு அது.

மறுநாள் காலை கிடங்கில் பலகைகளை ஒட்டிக்கொண்டிருந்தோம். ஹோர்ஸ்டிடம் விஷயத்தைச் சொன்னேன். என் ஜெர்மனில் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

“உன் பக்கத்து நிலக்காரர் கோபமாக இருக்கிறார். வயலின் அளவைத் தப்பாகப் போட்டுவிட்டாயா?”

“இல்லை ஹோர்ஸ்ட், அளவு மிகச் சரி.”

“அப்புறம் என்ன? சங்கத்தின் சார்பில் ஒரு கடிதம் தருகிறேன். முத்திரையோடு.”

ஒரு வெளிநாட்டு முத்திரை மட்டும் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் என் அக்கா வீட்டுக் கூரை மிஞ்சாது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? வேண்டாம் என்று கும்பிட்டேன்.

அதற்குள் கைப்பேசி அடித்தது. அக்கா வீடியோவில் கூப்பிட்டிருந்தாள். முள்வேலிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அரிவாளைத் தோளில் மாட்டியபடி ஏழுமலை. பின்னால் ஊரே கூடி நின்றிருந்தது.

“ஏழுமலண்ணா, சத்தியமா அது வெளையாட்டுப் பொம்மை. எந்த ஆபீசுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல” என்றேன்.

அவர் கைப்பேசியை அக்காவிடமிருந்து வாங்கி, முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“சரி தம்பி. பொம்மைனே வச்சிக்கலாம். ரோடு போட்டாலும் எங்க பக்கம், கால்வா வெட்டுனாலும் எங்க பக்கம். பொம்மையில கூடவா என் கயினிதான் கெடச்சிது ஒனக்கு? ஒன்னுது பச்சப்பசேல்னு மின்னாடி கீது. அதுல வுடறதுக்கின்னா?”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு பலகைக்காக இப்படியா என்று. ஆனால் பார்க்க அழகாக இருக்கும் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

“இன்னா பண்ணணும் சொல்லுங்கண்ணா.”

“எட்துடு. நான் பாக்கணும்.”

கைப்பேசியை ஒரு டப்பாமேல் சாய்த்து வைத்தேன். பசைபோட்டு இறுகிய ஜல்லியின்மேல் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, பட்டைக்கத்தியைத் தண்டவாளத்தின் அடியில் செருகினேன். ஹோர்ஸ்ட் “நைன், நைன்!”, வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். விடிந்தால் ஊர்மக்கள் வருவார்கள், பிள்ளைகள் வருவார்கள், ஒரு பலகை அறுந்தால் எதுவும் ஓடாது என்று அவர் சொன்னதெல்லாம் நியாயம். நான் நிமிரவில்லை. தண்டவாளம் கரகரவென்று பெயர்ந்து வந்தது. நான் பல மாலைகள் குனிந்து ஒட்டிய ஜல்லி மேசையிலும் தரையிலும் சிதறியது. ஒரு தேசத்தில் ஒருவர் என் தோளைப் பிடித்து இழுக்க, இன்னொரு தேசத்தில் ஒரு கூட்டம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, கடைசித் துண்டையும் பெயர்த்தெடுத்தேன்.

“இப்ப எங்க வுடப்போற?” என்றார் ஏழுமலை.

நுழையும் இடமும் வெளியேறும் இடமும் மாறமுடியாது. மிச்சம் இருந்தது முன்பக்கம்தான். தண்டவாளத்தை என் நிலத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். கிணற்றுக்கு ஒட்டினாற்போல் வளைந்து, நேராகச் சின்ன வீட்டின்மேல் போய் முட்டியது. வேறு எப்படி வளைத்தாலும் ரயில் கவிழும்.

“அது யாரு வூடு?”

“என்னுதுதாண்ணா. இனிமே கட்டப்போறது.”

“கட்டாத வூடுதான? எட்துட்டு வுடு.”

எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். வீடு இருந்த இடத்தில் பசைக்கறை ஒரு சதுரமாகத் தெரிந்தது. அதன்மேல் தண்டவாளத்தை அழுத்தினேன். ஏழுமலை அசையாமல் பார்த்துவிட்டுக் கைப்பேசியை அக்காவிடம் நீட்டினார். படம் ஆடியது. முள்ளை இழுக்கும் சத்தமும், தூரத்தில் டிராக்டர் உறுமும் சத்தமும் கேட்டன. தொடர்பு அறுந்தது. கீழே பார்த்தால் ஹோர்ஸ்ட் முட்டிபோட்டு, பிரஷ்ஷால் ஜல்லியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். இருவரும் அதைத் திரும்ப ஒட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஹோர்ஸ்டின் பலகை என்னுடையதற்கு அடுத்தது. பனி மூடிய மலையூர், பனி மூடிய ஸ்டேஷன், அரிசியளவு பெஞ்சு. அங்கிருந்து கிளம்பிய சிவப்பு வண்டி எல்லார் ஊரையும் சுற்றிவந்து, கல்வராயன் மலையடியில் நுழைந்து, என் கரும்புக்கு நடுவே வளைந்து, வீடு இருந்த இடத்தின்மேல் தடதடத்துப் போனது. ஒரு தடவைகூடக் கவிழவில்லை. மேசையைத் தட்டினார்கள். தட்டிய தட்டில் என் கிணற்றடி வேப்பமரம் ஆடியது. வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். கரும்பு ஆலைக்குப் போய்விட்ட நிம்மதியில் இருந்தவள் உடனே கூப்பிட்டாள்.

“ரயிலு நல்லாத்தான்டா ஓடுது.” என்றாள். “அந்த எடத்துலதான வூடு கட்டறேன்னு சொன்ன?”

“ஆமாக்கா.”

“அப்ப அங்கயும் கரும்பு நட்டுடட்டுமா?”

வெறும் பொம்மை அது என்று ஏழுமலையிடம் சொன்னதை அவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை. சிக்னல் சரியில்லை, பிறகு பேசுகிறேன் என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்தபின் என் சட்டைப்பையிலிருந்த வீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். ஹோர்ஸ்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு நல்ல வேலையைப் பையில் போட்டுக்கொண்டா திரிவது என்று கேட்டுவிட்டு, தன் பலகையில் ஸ்டேஷனுக்குப் பின்னால் கொஞ்சம் பனியைச் சுரண்டி, பசை வைத்து, எனக்காக அதை அங்கே ஒட்டிவிட்டார். உறுதியாக ஒட்டிக்கொண்டதா என்று விரலால் அசைத்தும் பார்த்தார், அது அசையவில்லை. சுற்றிலும் பனி. நடுவில் மொட்டைமாடியும் துணிக்கொடியும், காயப்போட்ட நீலப் புடவையும். நான் மேசையைத் தட்டினேன். அதையும் படம் எடுத்தேன்; அக்காவுக்கு இன்னும் அனுப்பவில்லை.