ஏறாத, இறங்காத கோடு

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. செல்களை உடைத்து, அதிலுள்ள புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டு, படத்தில் கறுப்புக் கோடுகளாக வரவழைப்பது அவள் வேலை. நோய்க்கு ஏற்ப ஏறி இறங்கும் மேல் கோடுகளைப் பார்க்கத்தான் எல்லோரும் முண்டியடிப்பார்கள். கீழே ஓரமாகக் கிடப்பது ரைபோசோம் புரதத்தின் கோடு. செல்லுக்கு வேண்டிய புரதம் அத்தனையும் தயாராவது ரைபோசோமில்தான். இந்தப் புரதங்கள் இல்லாமல் அது நிற்காது. ஆனாலும் வீட்டில் சமைக்கிறவளைப் போல, அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. எல்லா மாதிரியிலும் அது ஒரே அளவு இருந்தால் போதும். மங்கலாக வந்தால் மாதிரியைக் குறைவாக ஊற்றிவிட்டோம் என்று அர்த்தம். சமமாகும்வரை கூட ஊற்ற வேண்டும். அங்கே எழுதாத சட்டம் அது.

அவளுடைய அண்ணனின் கைக்குழந்தைக்கு ரத்தம் ஊறவே மாட்டேன் என்றது. ஏற்றினால் கன்னம் சிவக்கும், சில வாரத்தில் வெளுத்துவிடும். மருத்துவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் குழந்தையின் எலும்பு மஜ்ஜை அக்காவின் மேசைக்கே வந்து சேர்ந்தது.

“உன்னைத்தான் மலையா நம்பியிருக்கேன்,” என்றாள் அண்ணி.

கீழ்க்கோடு மங்கலாக வந்தது. அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்தப் பிள்ளை என்றதும் கை தவறிவிட்டதா? கூட ஊற்றினாள். கீழே சமமானது, கூட ஊற்றியதில் மேலே ஒரு கோடும் தடித்தது.

“இந்தப் புரதம் எகிறியிருக்கே!” என்று ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியர் துள்ளினார். மாதக்கணக்கில் அதன் பின்னால் ஓடினார்கள். குழந்தை வெளுத்துக்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு முறையும் கூட ஊற்ற வேண்டியிருந்தது. அடுத்தவர் பிள்ளைக்குச் சரியாக ஊற்றும் கை, அண்ணன் பிள்ளைக்கு மட்டுமா தவறும்? ஒருநாள் அவள் சரிசெய்யாத படத்தையே பேராசிரியரிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

“கீழ்க்கோடு சரியில்லையேம்மா. திரும்ப ஊத்துங்க.”

“ஊத்த மாட்டேன் சார். என் கைல தப்பில்ல. குழந்தைகிட்டயே அது கம்மியா இருக்கு.”

மரபணுவைச் சோதித்தார்கள். ஒரு ரைபோசோம் புரதத்துக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது. உடம்பின் மற்ற இடங்கள் பாதியை வைத்து ஒப்பேற்றிவிட்டன. ஓயாமல் சிவப்பணு செய்ய வேண்டிய மஜ்ஜையால் முடியவில்லை. மருந்து மாறியது. குழந்தையின் கன்னத்தில் சிவப்பு தங்கத் தொடங்கியது.

அண்ணி அழுதபடி கேட்டாள். “இத்தன மாசமா யாருக்குமே தெரியலையா?”

“மொத தடவையே தெரிஞ்சுது அண்ணி. நான்தான் ஊத்தி ஊத்திச் சரி பண்ணேன்.”

அண்ணி அக்காவின் மடியிலிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.